முகத்தைக் காட்டிவிட்டு மூடுங்கள்

குழந்தைகள் வைத்தியசாலைகளில் முகக்கவசம் எப்போது அணியப்பட வேண்டும் என்று தீர்மானிப்பதற்கு ஒரு குழு அமைக்கப்பட்டிருக்கிறதாம். அதன் செயலாளரான இளம் வைத்தியர் அண்மையில் என் வீட்டுக்கு வந்து, "நீங்கள் அந்தக் காலத்திலை வேலை செய்தனீங்கள், டொக்டர். ஒரு பக்கம் எழுதித் தாங்கோ" என்று கேட்டார். ஒரு பக்கம் தேவைக்கு மிஞ்சியது. இருமுகிற பிள்ளைக்குக் கையெட்டும் தூரத்தில் போகும்போது அணியுங்கள். நோயை எதிர்க்கும் வலு குறைந்த பிள்ளையிடம் போகும்போதும் அணியுங்கள். இருமுவது நீங்களே என்றால் வீட்டில் இருங்கள். விடயம் முடிந்தது. ஆனால் மூன்று வரியில் முடிகிற விடயத்துக்குக் குழு எதற்கு என்ற சங்கடமான கேள்வி எழுந்துவிடும். ஆகவே குழுவின் ஆயுளைக் கருத்திற்கொண்டு, சற்று நீட்டியே எழுதுகிறேன்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கொழும்பில் மருத்துவம் படித்தேன். எண்பத்து மூன்றுக் கலவரத்தில் அகதியாகக் கப்பலேறி வடக்கே ஊர் திரும்பியவர்களுள் நானும் ஒருத்தி. உடுத்த உடை என்னுடன் வந்தது. பட்டம் பின்னால் தபாலில் வந்தது. அங்குமிங்குமாகச் சில வருடங்கள் பணிபுரிந்த பின், எண்பதுகளின் பிற்பகுதியில், கொழும்புத்துறைப் பக்கமாகக் கடலேரியை அண்டியிருந்த ஒரு சிறிய குழந்தைகள் வைத்தியசாலையில் சேர்ந்தேன். கொக்குவிலில் இருந்து சைக்கிளில் போய்வருவேன். சமூகத்துக்குப் பயன்பட வேண்டும் என்ற எண்ணம் எனக்கு அப்போது மிகுதியாக இருந்தது. எதைச் செய்தாலும் அதன் விளைவு என்ன, அந்த விளைவின் விளைவு என்ன என்று யோசித்துக்கொண்டேயிருப்பேன். யோசிப்பதற்கென்று அங்கே ஏற்கெனவே ஒருவர் நியமிக்கப்பட்டிருந்தார் என்பது சேர்ந்த பிறகுதான் தெரியவந்தது.

அவரைப் பெரியவர் என்றே எல்லோரும் அழைத்தோம். வைத்தியசாலையின் ஒரே குழந்தை மருத்துவ நிபுணர். நெடிய உருவம், முழுக்கைச் சட்டை, வெளிநாட்டில் பெற்ற மேற்படிப்பு. திறமைசாலி. இதை நான் கேலியாகச் சொல்லவில்லை. ஒரு பிள்ளையின் மூச்சை நோயாளர் விடுதியின் மறுகோடியில் நின்று கேட்டே என்ன நோய் என்று சொல்லிவிடுவார். அவருக்கு இருந்த ஒரே பலவீனம், தான் கண்டறிந்த உண்மைகள் அனைத்தையும் சட்டமாக்கிவிடுவது.

முகக்கவசம் பற்றி அவர் கண்டறிந்த உண்மைகள் இவை. பேசினால் எச்சில் தெறிக்கும். தெறித்த எச்சில் துணியை நனைக்கும். நனைந்த துணி கிருமியைத் தடுக்காது. ஒன்றுகூடப் பிழையில்லை. ஆகவே விடுதியின் வாசலிலேயே முகக்கவசத்தைக் கட்டிக்கொள்ள வேண்டும். கட்டியபின் திரும்பவும் வாசலுக்கு வரும்வரை வாய் திறக்கக்கூடாது என்று அறிவித்தார். அந்த நாட்களில் துணிக்கும் தட்டுப்பாடு. கிழிந்த படுக்கை விரிப்புகளையும் யாரோ மனமுவந்து கொடுத்த பழைய சேலைகளையும் பல மடிப்பாக மடித்துத் தைத்து, அவித்து, காயவைத்து, பெட்டி போட்டு எடுத்தோம். வெள்ளை விரிப்பில் தைத்தவை வைத்தியர்களுக்கு. பூப்போட்ட சேலையில் தைத்தவை தாதியருக்கும் சிற்றூழியருக்கும். கிருமிகளும் பதவி வரிசையை மதிக்கும் என்று யாரோ நம்பியிருக்க வேண்டும்.

சட்டத்துக்குச் சில விலக்குகளும் இருந்தன. மூக்குக்கண்ணாடியில் ஆவி படிகிறது என்பதால் பெரியவரின் முகக்கவசம் அவருடைய மூக்குக்குக் கீழேயே நிற்கும். அந்த மூக்கிலிருந்து தும்மல் வந்தால் அது தூசி. எங்களுக்கு வந்தால் தடிமன். பார்வையிட வரும் பிரமுகர்களுக்கு முகக்கவசமே இல்லை; படம் எடுக்கும்போது முகம் தெரிய வேண்டுமல்லவா? அவர்கள் குறைமாதத்தில் பிறந்த பிள்ளைகளின் மேல் குனிந்து, வாயாரச் சிரித்து, கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போவார்கள். பிறகு நாங்கள் முகத்தை மூடிக்கொண்டு வந்து, அந்தப் பிள்ளைகளுக்குத் தொற்று எப்படி வந்தது என்று ஆராய்வோம்.

இனி, பேசாமல் விடுதியைச் சுற்றிவருவது எப்படி என்பதைச் சொல்ல வேண்டும். காலையில் பெரியவர் முன்னே வருவார். அவருக்குப் பின்னால் நான், எனக்குப் பின்னால் விடுதிப் பொறுப்பாளரான மனோன்மணி சிஸ்டர், அவருக்குப் பின்னால் தாதியர், கடைசியில் தள்ளுவண்டியோடு சிற்றூழியர். எல்லோருக்கும் கண் மட்டுமே வெளியே. ஒரு சத்தமில்லை. பெரியவர் ஒவ்வொரு கட்டிலின் முன்னும் நின்று, பிள்ளையைப் பார்த்து, முதுகில் காதுக்குழாயை வைத்துக் கேட்டு, நிமிர்வார். தலையை இடமும் வலமுமாக அசைத்தால் பிள்ளை இங்கேயே இருக்கலாம். மேலும் கீழுமாக ஒரு தடவை ஆட்டினால் தொற்றுநோய். தனியறைக்குப் போக வேண்டும். சிற்றூழியர் வந்து பிள்ளையைத் தூக்கி வண்டியில் வைப்பார். தனியறை நடைபாதையின் கடைசியில், முன்பு சாமான் வைத்த அறை. கம்பி போட்ட ஒரு யன்னல். தாய்மாருக்கு உள்ளே அனுமதியில்லை. நோயை வெளியே கொண்டுவந்துவிடுவார்களாம். அவர்கள் யன்னலுக்கு வெளியே நின்று பார்க்கலாம். உள்ளே இருந்த பிள்ளைகள் தொண்டை வற்றும்வரை அழுவார்கள். குரல் கம்மியிருக்கிறது என்று அதையும் நாங்கள் நோயின் அறிகுறியாகக் கருதினோம்.

வெளியூர் வாசகர்களுக்காக இன்னொரு சுற்றையும் நான் விளக்க வேண்டும். அந்த வருடங்களில் போராளிகளைத் தேடிப் படையினர் ஊர்களைத் திடீரெனச் சுற்றிவளைப்பார்கள். ஆண்களையெல்லாம் கோயில் வளவிலோ பள்ளிக்கூட மைதானத்திலோ வரிசையாக இருத்துவார்கள். பிறகு ஒருவன் கொண்டுவரப்படுவான். தலையிலிருந்து தோள்வரை சாக்கு. கண்ணுக்கு மட்டும் இரண்டு துளை. அவன் பேசமாட்டான், பேசினால் இன்னார் என்று தெரிந்துவிடும். ஒவ்வொருவராக அவன் முன்னால் நடக்க வேண்டும். அவன் தலையாட்டினால் நடந்தவரைப் பிடித்து வண்டியில் ஏற்றிவிடுவார்கள். சிலர் திரும்பி வந்தார்கள். பலர் வரவில்லை. அந்தச் சாக்கு மனிதனுக்கு ஊர் வைத்த பெயர் தலையாட்டி.

முகத்தை மூடிய ஒருவர், வரிசை, பேச்சில்லை, ஒரு தலையசைப்பு, ஒரு வண்டி. ஒரு குறையும் விடாமல் அதே காட்சியை நாங்கள் தினமும் காலையில், மருத்துவ விஞ்ஞானத்தின் துணைகொண்டு, குழந்தைகள் முன்னால் நடத்திக்கொண்டிருந்தோம். இதை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. தாய்மார் முதல் நாளே கவனித்துவிட்டார்கள்.

அரியாலையிலிருந்து வந்திருந்த புவனம் என்ற தாய் வாசலருகே கட்டில் பிடித்திருந்தார். பிள்ளைக்கு நீண்டநாள் சிறுநீரக நோய். ஆகவே விடுதியில் அவரே மூத்தவர். காவல் பார்க்கும் பொறுப்பையும் அவரே ஏற்றுக்கொண்டிருந்தார்.

"தலையாட்டி வாறார்! இருமுறதுகளைப் பின்னாலை கொண்டு போங்கோ!"

"எங்கையக்கா கொண்டு போறது? இவன் நிப்பாட்டாமல் இருமுறான்."

"கிணத்தடிக்குக் கொண்டு போ. கேட்டால் குளிக்க வாக்கிறன் எண்டு சொல்லு."

"நேற்றும் அதைத்தானே சொன்னனான்."

"அப்ப இண்டைக்கும் ஊத்தையாப் போனான் எண்டு சொல்லு. ஊத்தைக்கு ஆர் தலையாட்டுறது?"

நாங்கள் நுழையும்போது விடுதியில் இருமலே இருக்காது. கட்டிலில் இருப்பவர்கள் உதட்டை இறுக்கிக்கொண்டு இருப்பார்கள். ஒரு தாய் பிள்ளையின் வாயில் கற்கண்டைத் திணித்திருப்பார். இன்னொருவர் பிள்ளையின் முகத்தை மார்போடு அணைத்திருப்பார். தொற்றுநோய்கள் குறைந்துவிட்டன என்று பெரியவர் மகிழ்ந்தார். நாங்கள் வெளியேறியதும், இருமுகிற பிள்ளைகள் கிணற்றடியிலிருந்து திரும்பிவந்து, இருமாத பிள்ளைகளின் பக்கத்தில் படுத்துக்கொள்வார்கள். குக்கல் என்ற கக்குவான் இருமல் ஒரு கட்டிலிலிருந்து அடுத்த கட்டிலுக்கு மெல்ல நடந்தது. நோயைத் தடுக்கப் போட்ட சட்டம் நோயை ஒளித்துவைத்துப் பரப்பியது.

நான் இதைப் பெரியவரின் அறைக்குப் போய்ச் சொன்னேன். அங்கே முகக்கவசம் இல்லாததால் பேச முடிந்தது.

"சேர், தாய்மார் பிள்ளையளை ஒளிக்கினம்."

"ஏனாம்?"

"நீங்கள் தலையாட்டுறதைக் கண்டு பயப்பிடினம்."

"தலையை ஆட்டாமல் வேறை எதை ஆட்டச் சொல்லுறீர், பிள்ளை?"

"ஆட்டாமல், கதைச்சுச் சொல்லலாம், சேர். அவையளுக்கு நாங்கள் அந்தச் சாக்குப் போட்டவங்கள் மாதிரித் தெரியுது."

அவர் பேனையை மூடி மேசையில் வைத்தார். "அது அரசியல். இது கிருமி. ரெண்டையும் போட்டுக் குழப்பாதையும்."

அவரையும் முழுதாகக் குறை சொல்ல முடியாது. சுற்றிவளைப்பு நடக்கும் தெருக்களில் அவருடைய காரை மரியாதையாக வழிவிட்டு அனுப்பினார்கள். வரிசையில் இருந்து பழகாத ஒருவருக்குத் தலையசைப்பு என்பது வெறும் தலையசைப்புத்தான்.

பிலோமினா வந்தது அதற்குச் சில நாட்களின் பின்னர். குருநகர்க் கடற்றொழிலாளர் குடும்பம். ஐந்து வயது மகள் ஜெசிந்தாவைத் தடிமன், காய்ச்சல் என்று ஒரு மாலையில் கொண்டுவந்து சேர்த்தார். கழுத்தில் செபமாலை, இடுப்பில் பிள்ளை, கையில் ஒரு துணிப்பை. பிள்ளையின் தகப்பன் எங்கே என்று மனோன்மணி சிஸ்டர் வழக்கம்போல் கேட்டார். "இல்லை" என்றார் பிலோமினா. அந்தச் சொல்லுக்கு அந்நாட்களில் பல பொருள் இருந்ததால் சிஸ்டர் மேற்கொண்டு கேட்கவில்லை.

மறுநாள் விடியும்போது பிள்ளையின் இருமல் மாறியிருந்தது. நாய் குரைப்பதுபோன்ற வறட்டு இருமல். மூச்சை உள்ளே இழுக்கும்போது ஒரு கீச்சொலி. அந்த ஒலியின் பொருள் மூச்சுக்குழல் வாசலில் வீங்கிச் சுருங்குகிறது என்பது. சாதாரணத் தொண்டை அழற்சியிலும் அது வரும், டிப்தீரியா எனப்படும் கொடிய தொற்றுநோயான தொண்டைக்கரப்பானிலும் வரும். எதுவாயினும் அப்படியான பிள்ளையை அழவிடக்கூடாது. அழுதால் வீங்கிய வாசல் முற்றாக அடைபட்டுவிடும். உடனே எங்களைக் கூப்பிட்டிருக்க வேண்டும். ஆனால் பெரியவர் வரும் நேரமாகியிருந்தது. அன்றைய உரையாடலைப் புவனம் பிறகு எனக்கு நடித்தே காட்டினார்.

"ஏனடி பிலோமினா, உன்ரை பிள்ளை குரைக்குது?"

"குரைக்கேல்லை அக்கா. சிரிக்கிறாள்."

"சிரிப்பெண்டால் ஏன் மூச்சு விசிலடிக்குது?"

பிலோமினா பிள்ளையைச் சேலைத் தலைப்பால் மூடித் தூக்கிக்கொண்டு, "அக்கா, கடவுளாணை, காட்டிக் குடுத்திடாதேங்கோ" என்று சொல்லிவிட்டுப் பின்பக்கம் ஓடினாராம்.

"காட்டிக் குடுக்கவோ? எனக்கென்ன சாக்கா போட்டுக் கிடக்கு? போ, போ!"

நாங்கள் நுழைந்தோம். ஜெசிந்தாவின் கட்டில் வெறுமையாக இருந்தது. விரிப்பின் நடுவில் பிள்ளை படுத்த பள்ளம் மட்டும். சிஸ்டர் புருவத்தை உயர்த்திப் புவனத்தைப் பார்த்தார். புவனம் குளிப்பாட்டும் சைகையைக் காட்டினார். ஊமைப் பாஷையில் எங்கள் விடுதி அதற்குள் நல்ல தேர்ச்சி பெற்றுவிட்டிருந்தது. பெரியவர் அந்த வெறுங்கட்டிலைக் கவனமாகப் பார்த்தார். பிறகு தலையை இடமும் வலமுமாக அசைத்தார். கட்டில் இங்கேயே இருக்கலாம் என்று தீர்ப்பாயிற்று.

அடுத்த கட்டிலுக்குத் திரும்பியவர் நின்றார். பின்பக்க யன்னல் வழியாக அந்தக் கீச்சொலி வந்தது. எனக்குக் கேட்பதற்கு முன்பே அவருக்குக் கேட்டுவிட்டது. நீண்ட கால்களை எட்டி வைத்து அவர் பின்கதவால் இறங்கினார். அவர் இறங்கியதால் நாங்கள் எல்லோரும் இறங்கினோம். வரிசை குலையவில்லை. தள்ளுவண்டியும் கடகடவென்று கூடவே வந்தது.

கிணற்றடியைச் சுற்றி, பின்னிய தென்னோலையாலான கிடுகு வேலி. உள்ளே துவைகல்லில் பிலோமினா பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். வேலியின் இடைவெளியால் முகம் மூடிய நாங்கள் ஒருவர் பின் ஒருவராக உள்ளே நுழைந்து சுற்றி நின்றோம். பெரியவர் குனிந்தார். பிள்ளையின் கழுத்துக் குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே இழுபடுவதைப் பார்த்தார். பிள்ளை அவருடைய கண்களையே பார்த்துக்கொண்டிருந்தது. நோயைச் சரியாக மதிப்பிட்டுவிட்டு அவர் நிமிர்ந்தார். நிமிர்ந்து, வழக்கப்படி, ஒரு தடவை தலையை ஆட்டினார்.

ஜெசிந்தா அலறியது. பாதி அலறல்தான் வெளியே வந்தது. மீதி உள்ளேயே அடைபட்டது. வாய் திறந்திருந்தது, சத்தமில்லை. நெஞ்சு ஏறியது, காற்று போகவில்லை. உதடு நீலமாகத் தொடங்கியது.

"எட்டப் போங்கோ!" பிலோமினா கத்தினார். "எல்லாரும் எட்டப் போங்கோ! தலையாட்டாதேங்கோ! இவளின்ரை தேப்பனை இப்பிடித்தான் கொண்டு போனவங்கள். தேப்பன்ரை மடியிலை இருந்து பாத்துக்கொண்டிருந்தவள்!"

விளைவுகளை எடைபோடும் பழக்கம் எனக்கு உண்டென்று முன்பே சொன்னேன். அதற்கு அவ்வளவு குறைந்த நேரம் எனக்கு எப்போதும் கிடைத்ததில்லை. இது தொண்டைக்கரப்பானாக இருந்தால், முகக்கவசத்தைக் கழற்றுவது என்னையும், நான் இனித் தொடப்போகும் பிள்ளைகளையும் ஆபத்தில் போடும். பெரியவரின் சட்டம் உள்ளபடியே பொருந்துகிற ஒரு நோயாளி இருந்தாரென்றால் அது அந்தப் பிள்ளைதான். ஆனால் அந்த ஆபத்து நாளையோ நாளை மறுநாளோ வரக்கூடியது, வராமலும் போகக்கூடியது. மூச்சு இப்போது நின்றுகொண்டிருந்தது. நான் முகக்கவசத்தை இழுத்துக் கழற்றிவிட்டுக் கிணற்றடிச் சேற்றில் குந்தினேன். என் முகம் பிள்ளையின் முகத்துக்குக் கீழே இருந்தது.

"பிள்ளை, இஞ்சை பார். நான்தான். இதுதான் என்ரை மூஞ்சி. வடிவில்லை, என்ன? ஒருத்தரும் உன்னைக் கொண்டு போகேல்லை. அம்மான்ரை மடியிலைதான் இருக்கிறாய்."

அப்போது எனக்குப் பின்னால் ஒரு குரல் கேட்டது. துணிக்குள்ளிருந்து வந்ததால் தடித்து, நனைந்து ஒலித்தது. "எல்லாரும் வெளியிலை போங்கோ. வேலிக்கு அங்காலை. வண்டியையும் கொண்டு போங்கோ." முகக்கவசத்துக்குள் பேசக்கூடாது என்ற சட்டத்தை மீறிய முதல் ஆள் அதை இயற்றியவர்தான். எல்லோரையும் அனுப்பிவிட்டு அவரும் வெளியேறினார். கிடுகு வேலிக்கு அப்பால் நின்று, பிள்ளையின் கண்ணில் படாமல், குரலால் மட்டும் என்னை நடத்தினார்.

"தாயின்ரை மடியை விட்டு எடுக்காதையும். நிமித்தி வைச்சிரும். தொண்டையைப் பாக்க வெளிக்கிடாதையும். கரண்டி பட்டால் இன்னும் அடைக்கும். சிஸ்டர், ஒட்சிசன் உருளையை வேலியோடை கொண்டு வாங்கோ. குழாயை மட்டும் உள்ளை நீட்டுங்கோ, முகத்திலை மூடி ஒண்டும் வைக்க வேண்டாம். கழுத்திலை துளை போடுற சாமான் எல்லாம் எனக்குப் பக்கத்திலை வையுங்கோ. இப்ப மூச்சு எப்பிடி, பிள்ளை?"

"கொஞ்சம் போகுது, சேர்."

"உதடு?"

"நீலம் குறையுது."

"தாயைக் கதைக்கச் சொல்லும். என்னவெண்டாலும் கதைக்கட்டும்."

பிலோமினா கதைத்தார். கடலைப் பற்றி, வீட்டில் விட்டுவந்த பூனையைப் பற்றி, மாதா கோயிலில் ஏற்றப்போகும் மெழுகுதிரியைப் பற்றி. இடையிடையே பெரியவரையும் திட்டினார். திட்டும்போதும் குரலைத் தாழ்த்தி, தாலாட்டுப்போலத் திட்டினார். "உந்த நெடுவலுக்குக் கண்ணில்லையோ, என்ரை செல்லம், உந்தாளுக்குப் பிள்ளை குட்டியில்லையோ, என்ரை குஞ்சு." வேலிக்கு அப்பாலிருந்து மறுப்பு எதுவும் வரவில்லை. வீக்கம் வற்றுவதற்கான ஊசியை, பிள்ளை தாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டிருக்கும்போதே தொடையில் போட்டேன். வெயில் ஏறி மூச்சிலிருந்த கீச்சொலி மெல்ல இறங்கும்வரை நாங்கள் அவ்விடத்தை விட்டு அசையவில்லை. பெரியவரும் அசையவில்லை. விடுதியிலிருந்த தாய்மாரில் பலர் அவருடைய குரலை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டார்கள். நல்ல குரல் என்பதே பொதுவான அபிப்பிராயம்.

அன்று முழுவதும் கிணற்றடியே தனியறையாக இருந்தது. யோசித்துப் பார்த்தால் அதைவிடச் சிறந்த தனியறை எங்களிடம் இருக்கவில்லை. திறந்த வெளி, கடற்காற்று, பக்கத்தில் வேறு பிள்ளையில்லை, மடியில் தூக்கிவைத்திருக்கத் தாய். இருமுகிற பிள்ளைகளைத் தாய்மார் முன்பே அங்கே கொண்டுபோனார்கள். எங்களுக்குப் பயந்துதான் போனார்கள் என்றாலும், நாங்கள் அறிவோடு தெரிவுசெய்த அறையைவிட அது நல்ல இடம். மாலையில் பிலோமினாவையும் பிள்ளையையும் ஒன்றாகவே தனியறைக்கு மாற்றினோம். யன்னல் முழுதாகத் திறக்கப்பட்டது. தொண்டைக்கரப்பான் இல்லை என்பதும் பிறகு உறுதியாயிற்று.

மறுநாள் வாசலில் பெரியவரின் புதிய அறிவித்தல் ஒன்று தொங்கியது. இனிமேல் விடுதிக்குள் நுழையும்போது முகக்கவசம் வேண்டியதில்லை. பிள்ளைக்கு முதலில் முகத்தைக் காட்டி, வந்திருப்பது இன்னார் என்று சொல்ல வேண்டும். இருமுகிற பிள்ளையாயின் கட்டிலருகில் சென்று, பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கும்போதே கட்டிக்கொள்ள வேண்டும். நோயுள்ள பிள்ளையோடு தாயும் தனியறையில் இருக்கலாம். சைகைகளைத் தவிர்க்கவும். இத்தனை மாற்றங்களுக்கும் காரணம் அதன் கீழேயே தெளிவாகக் குறிப்பிடப்பட்டிருந்தது: துணித் தட்டுப்பாடு.

மேன்மக்கள் மனம் மாறுவதில்லை, துணிதான் தட்டுப்பாடாகிறது. இதை நான் குழுவினருக்கு விசேடமாகச் சிபாரிசு செய்கிறேன். எந்தச் சட்டத்தையும் மாற்றுவதற்கு மரியாதையான ஒரு காரணத்தை ஆயத்தமாக வைத்திருங்கள். உண்மையான காரணம் தானாகவே உள்ளே நுழைந்துகொள்ளும்.

விடுதி ஒரு வாரத்துக்குள் இருமத் தொடங்கியது. இருமல் கூடியதாகப் பெரியவர் கவலைப்பட்டார். அது ஒளிந்திருந்த இருமல் என்று சிஸ்டர் விளக்கினார். புவனம் தன் காவல் வேலையை இராஜினாமாச் செய்துவிட்டு எனக்குத் தகவல் சொல்லும் வேலையில் சேர்ந்தார்.

"டொக்டர், மூலைக் கட்டில் பெடியனுக்குக் குக்கல். தாய் ஒளிக்கேல்லை, வெட்கப்படுறா. என்ரை பிள்ளைக்கு உது தொத்தினால் தாங்கமாட்டான், கெதியா மாத்துங்கோ. நீங்கள் மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு போங்கோ என்ன, உங்களுக்கும் பிடிச்சிடும்."

முகக்கவசம் எப்போது அணிய வேண்டும் என்பதை அவருக்கு ஒரு குழுவும் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஜெசிந்தா வீட்டுக்குப் போவதற்கு முதல்நாள் காலை, பெரியவர் என்னோடும் சிஸ்டரோடும் தனியறை வாசலுக்கு வந்தார். கிணற்றடிக்குப் பிறகு அவர் அந்தப் பிள்ளையின் முன்னால் வந்தது அன்றுதான். அதுவரை நான் பார்த்து அவருக்குச் சொல்லிவந்தேன். அவருடைய முகத்தில் எதுவுமில்லை. மடித்த முகக்கவசம் சட்டைப் பையில் இருந்தது. வாசற்படியைத் தாண்டாமல், உயரத்தைக் குறைப்பதற்காகச் சற்றுக் கூனிக்கொண்டு நின்றார். கட்டில் அறையின் எதிர்ச் சுவரோடு கிடந்தது. பிலோமினா எழுந்து நின்றார். தான் திட்டிய திட்டுகள் அவருக்கு அப்போது ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"ஜெசிந்தா, நான் பெரிய டொக்டர்" என்றார். "நான் உள்ளை வரலாமோ?"

பிள்ளை அவருடைய முகத்தை நெற்றியிலிருந்து தாடைவரை நிதானமாகப் பார்த்தது.

"வரலாம். ஆனா ஒருத்தரையும் கொண்டு போகக்கூடாது."

"இல்லை. நான் ஒருத்தரையும் கொண்டு போகமாட்டன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

ஜெசிந்தா பெரியவர்களிடம் ஒரு பொருளைத் திருப்பிக் கேட்கும்போது பிள்ளைகள் வைத்துக்கொள்ளும் மரியாதையான குரலில் கேட்டது.

"அப்ப, அப்பாவைத் திருப்பிக் கொண்டந்து விடுறியளோ?"

பிலோமினா பிள்ளையின் தோளைப் பிடித்தார். பெரியவர் என்னைப் பார்த்தார். நான் சிஸ்டரைப் பார்த்தேன். சிஸ்டர் யன்னலைப் பார்த்தார். பெரியவர் பிறகு பையிலிருந்த முகக்கவசத்தை எடுத்து, வாசலிலேயே நின்று, கண்ணுக்குக் கீழே வரை உயர்த்திக் கட்டத் தொடங்கினார். நாடாவை முடிச்சிட அவருக்கு நெடுநேரம் பிடித்தது. அந்தத் தூரத்தில் அதை அணிவதற்கு மருத்துவக் காரணம் எதுவும் இருக்கவில்லை.